விம்பிள்டன் (2004): விமர்சகர்கள் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்ட படம்

வாசகர் ஒருவர் எழுதியிருப்பது:

"2004-இல் வந்த 'விம்பிள்டன்' படத்துக்கு விமர்சகர்கள் தகுதிக்கு மீறி மதிப்பெண் கொடுத்துவிட்டார்கள். உலகத் தரவரிசையில் 119-ஆம் இடத்தில் இருப்பவன் விம்பிள்டனை வெல்கிறானாம்! காதலும் ஒட்டவில்லை, டென்னிஸும் ஒட்டவில்லை. கதாநாயகனின் முகத்துக்காகப் பாராட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மறுப்பவர் உண்டா?"

2024 ஜூன் 22, சனி

மறுக்கிறேன். பாதியை மட்டும்.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: பீட்டர் கோல்ட் (பால் பெட்டனி) ஒரு காலத்தில் உலகின் 11-ஆம் நிலை ஆட்டக்காரர். இப்போது 119. முப்பதைத் தாண்டியாயிற்று. வைல்டு கார்டு (தரவரிசை போதாதவருக்குப் போட்டி நடத்துபவர்கள் தரும் சிறப்பு அனுமதி) வாங்கிக் கடைசியாக ஒருமுறை விம்பிள்டன் ஆடிவிட்டு, பணக்காரர்கள் வரும் கிளப் ஒன்றில் பயிற்சி வேலைக்குப் போகத் தீர்மானித்திருக்கிறார். லண்டனின் டார்செஸ்டர் ஹோட்டலில் அவருக்குத் தவறான அறையின் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். அது லிஸ்ஸி பிராட்பரியின் (கிர்ஸ்டன் டன்ஸ்ட்) அறை. லிஸ்ஸி வேகமாக மேலே வந்துகொண்டிருக்கும் அமெரிக்க வீராங்கனை. பிறகு நடப்பதை நீங்களே ஊகிக்கலாம், ஊகம் பிசகாது. ரிச்சர்ட் லான்க்ரெய்ன் இயக்கம், வொர்க்கிங் டைட்டில் தயாரிப்பு.

119-ஆம் இடத்தவன் வெல்வது நம்பும்படி இல்லை என்கிறீர்கள். 2001-இல் குரோஷிய ஆட்டக்காரர் கோரன் இவானிசெவிச் விம்பிள்டனை வென்றபோது அவருடைய தரவரிசை 125. அவரும் வைல்டு கார்டில்தான் வந்தார். 1992, 1994, 1998 என்று மூன்று முறை இறுதியில் தோற்று, தோள்பட்டையும் பழுதாகி, ஊடகங்கள் கைகழுவிவிட்டிருந்த மனிதர். இறுதியில் பேட் ராஃப்டரை 6-3, 3-6, 6-3, 2-6, 9-7 என்று சாய்த்தார். அதுவும் ஞாயிறு அல்ல, மழையால் தள்ளிப்போய்த் திங்கட்கிழமை. கதாசிரியர்கள் உண்மையைவிட ஆறு இடம் உயர்த்தியே தங்கள் நாயகனை வைத்திருக்கிறார்கள். மிகையைக் குறைத்துக்கொண்ட படம் இது.

அதே நாள், இரவு

"ஒரு விதிவிலக்கை வைத்து வாதாடக்கூடாது" என்கிறார் இன்னொருவர். சரி, 2016-க்குப் போவோம். மார்கஸ் வில்லிஸ், உலகத் தரவரிசையில் 772. இங்கிலாந்தின் வாரிக் நகரில் ஒரு கிளப்பில் மணிக்கு இவ்வளவு என்று பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். அமெரிக்காவில் பயிற்சியாளர் வேலைக்குப் போக இருந்தார். 'போகாதே, ஆடிப்பார்' என்று காதலி தடுத்தார். தகுதிச் சுற்றுக்கே தகுதிச் சுற்று ஆடி, அதையும் தாண்டி, முதல் சுற்றில் பெராங்கிஸை வென்று, விம்பிள்டனின் முதன்மை மைதானமான சென்டர் கோர்ட்டில் ஃபெடரரின் எதிரில் போய் நின்றார். 6-0, 6-3, 6-4 என்று தோற்றார். முதல் செட்டில் ஒரு கேம்கூட எடுக்காதவர் இரண்டாவது செட்டில் ஒன்று எடுத்ததும் அரங்கமே எழுந்து கத்தியது.

கிளப் வேலை, காதலி, சென்டர் கோர்ட் மூன்றும் படம் வெளிவந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து, கோப்பை மட்டும் இல்லாமல், அப்படியே நடந்திருக்கின்றன. இதற்கு மேலும் "நடக்காத கதை" என்று சொல்வதானால் விம்பிள்டனை நடத்தும் ஆல் இங்கிலாந்து கிளப்பிடம்தான் முறையிட வேண்டும்.

ஜூன் 24

தலைப்புக்கு வருகிறேன்: விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

பொதுவான தொனி இதுதான்: வழக்கமான வார்ப்பு, ஆனால் பெட்டனி காப்பாற்றிவிடுகிறார், பார்க்க இதமாக இருக்கிறது. ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் சாதகமான விமர்சனங்கள் அறுபது சதவீதத்தை ஒட்டி நின்றன. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தார். நல்ல மனிதர்களுக்கு நல்லது நடக்கிறது, விளையாட்டுப் படங்களில் இது அபூர்வம் என்பது அவருடைய நிலை. வசூலும் அதே நிறம்: சுமார் 3 கோடி டாலருக்கு மேல் செலவு, உலகம் முழுவதும் 4 கோடியைக் கொஞ்சம் தாண்டிய வரவு. வெற்றி என்று விழா எடுக்கவும் முடியாது, தோல்வி என்று புதைக்கவும் முடியாது.

ஆகவே "தகுதிக்கு மீறிய மதிப்பெண்" என்ற குற்றச்சாட்டு நிற்காது. யாரும் கொண்டாடவில்லை. தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. தட்டிக்கொடுக்கிற விமர்சனத்தில் படத்தின் நல்ல பகுதியும் தப்பிவிடுகிறது, மோசமான பகுதியும் தப்பிவிடுகிறது.

இன்னொன்று. 'ஃபோர் வெட்டிங்ஸ் அண்ட் எ ஃப்யூனரல்', 'நாட்டிங் ஹில்', 'பிரிட்ஜெட் ஜோன்ஸ்' என்று காதல் படங்களாகவே எடுத்து அதே தயாரிப்பு நிறுவனம் பத்தாண்டுகளாக ஒரே கடையில் வியாபாரம் செய்துகொண்டிருந்தது. எனவே பலரும் இதையும் தயங்கித் தயங்கிப் பேசும் ஆங்கிலேயன், பளிச்சென்ற அமெரிக்கப் பெண் என்ற அதே தட்டில் வைத்துப் பார்த்தார்கள். 2004 கோடையில்தான் ஸ்பைடர்மேன் இரண்டாம் பாகம் வெளியாகி டன்ஸ்டின் முகம் உலகெங்கும் தெரிந்திருந்தது. விளம்பரத்திலும் அவர் பெயர்தான் முதலில். அரங்குக்குள் போனால் கதை முழுவதும் பெட்டனியின் மண்டைக்குள் நடக்கிறது. காதல் நகைச்சுவை என்று விற்கப்பட்ட ஒரு விளையாட்டுப் படம் அது. காதலைத் தேடிப் போனவர்கள் பாதி வயிற்றோடு திரும்பினார்கள்.

ஜூன் 27

அந்த மண்டையைப் பற்றி.

ஆட்டத்தின் நடுவே பீட்டரின் மனக்குரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. பந்தை மேலே தூக்கிப் போடுவதற்குள் முதுகுவலி, வயது, அரங்கில் யார் வந்திருக்கிறார்கள், இரண்டாவது சர்வீஸை எங்கே போடலாம், இதையெல்லாம் ஏன் இப்போது நினைக்கிறேன் என்று ஒரு ஊர்வலமே போகிறது. பின்னணிக் குரல் என்றாலே சோம்பேறி உத்தி என்று முகம் சுளிப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டென்னிஸ் தனிமையான ஆட்டம். தட்டிக்கொடுக்க அணித்தோழன் இல்லை, கோர்ட்டுக்குள் பயிற்சியாளர் வர முடியாது. ஐந்து செட் ஆட்டம் நான்கு மணி நேரம் ஓடினால் பந்து உண்மையில் புழங்கும் நேரம் அதில் சிறு பங்குதான். மீதி நேரமெல்லாம் துண்டில் முகம் துடைப்பது, பந்தைத் தட்டிக்கொண்டு நிற்பது, தனக்குள் பேசிக்கொள்வது. அந்த மீதி நேரத்தைத்தான் இந்தப் படம் பிடித்திருக்கிறது.

சென்னையில் ஒரு கிளப்பில் வார இறுதிகளில் ஆடுகிறவன் நான். என் சர்வீஸைப் பார்த்தால் உள்ளூர்ப் பந்து பொறுக்கும் பையன்கள்கூடக் கொட்டாவி விடுவார்கள். ஆனால் 5-3 என்று முன்னிலையில் இருக்கும்போது மனத்துக்குள் எழும் அந்தப் பேச்சு எனக்குத் தெரியும். 'ஒழுங்காகப் போட்டால் போதும்' என்று நினைத்த கணமே பந்து வலையில் விழும். பிறகு 'வலையில் போடாதே' என்று நினைப்பேன், அடுத்தது கோட்டுக்கு இரண்டடி வெளியே. டபுள் ஃபால்ட். எதிராளி "பரவாயில்லை சார்" என்பார், மனமார மகிழ்ந்துகொண்டே. பீட்டரைப் பார்த்துச் சிரித்தபோது பாதிச் சிரிப்பு என்னைப் பார்த்துத்தான்.

டென்னிஸும் ஒட்டவில்லை என்ற புகாருக்கு: பெட்டனிக்கும் டன்ஸ்டுக்கும் பயிற்சி கொடுத்துக் காட்சிகளை வகுத்தவர் பேட் காஷ், 1987 விம்பிள்டன் சாம்பியன். பல காட்சிகளில் பந்தே கிடையாது. நடிகர்கள் வெறும் காற்றில் மட்டையை வீச, பந்தைப் பிறகு கணினியில் சேர்த்தார்கள். கூர்ந்து பார்த்தால் பந்து மட்டையில் படும்போது கை அதிர்வதில்லை, அது உண்மை. ஆனால் கால்கள் சரியாக இருக்கின்றன. அடிக்கும் முன் எடுத்துவைக்கும் அந்தச் சின்னச் சின்ன அடிகளை நடிகருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் சிரமம். பொய் டென்னிஸை நான் காலில்தான் தேடுவேன்.

ஜூன் 27, கொஞ்ச நேரம் கழித்து

டார்செஸ்டர் ஹோட்டலை விட்டுவிட்டேன். மத்திய லண்டனில் தங்கிக்கொண்டு தினமும் விம்பிள்டனுக்குப் போய்வருவதா? முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் மைதானத்தின் பக்கத்திலேயே வீடு வாடகைக்கு எடுத்து நடந்தே போவார்கள். 119-ஆம் நிலை ஆட்டக்காரருக்கு அந்த ஹோட்டல் வாடகை கட்டுபடியாகுமா என்றும் யாராவது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம்பகத்தன்மையைத்தான் பிடித்துக்கொள்வீர்கள் என்றால் இதைப் பிடியுங்கள், தரவரிசையை விட்டுவிடுங்கள்.

ஜூலை 2

போட்டி தொடங்கிவிட்டது. வெளி மைதானங்களை மழை மிரட்டினாலும் சென்டர் கோர்ட்டுக்குக் கவலையில்லை. 2009-இல் கூரை போட்டுவிட்டார்கள் அல்லவா?

அந்தக் கூரை இருந்திருந்தால் இந்தப் படமே இல்லை. இறுதி ஆட்டத்தில் அமெரிக்கன் ஜேக் ஹாமண்டிடம் பீட்டர் உதைபட்டுக்கொண்டிருக்கும்போது மழை வருகிறது. அந்த இடைவேளையில்தான் லிஸ்ஸி வந்து சமாதானமாகிறாள், ஜேக்கின் சர்வீஸைப் படிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறாள். மழை இல்லையென்றால் காதலும் இல்லை, கோப்பையும் இல்லை.

வசதிக்காக வரவழைத்த மழை என்று கேலி செய்தவர்களுக்கு மறுபடியும் 2001. அரையிறுதியில் இங்கிலாந்தின் டிம் ஹென்மன் மூன்றாவது செட்டை 6-0 என்று எடுத்து, 2-1 முன்னிலையில் இருக்கிறார். இங்கிலாந்தே தேநீரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இவானிசெவிச் கதை முடிந்தது என்று நினைக்கும்போது மழை. வெள்ளிக்கிழமை தொடங்கிய ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை முடிந்தபோது வென்றது இவானிசெவிச். 7-5, 6-7, 0-6, 7-6, 6-3. பாவம் ஹென்மன். 1998, 1999, 2001, 2002 என்று நான்கு அரையிறுதிகள், ஒரு இறுதிகூட இல்லை.

என் ஊகம்: படத்தின் அடியில் ஓடுவது ஹென்மனுக்கான ஆறுதல். இவானிசெவிச்சின் வைல்டு கார்டையும் அவருக்கு உதவிய மழையையும் எடுத்து ஓர் ஆங்கிலேயனின் கையில் கொடுத்திருக்கிறார்கள். 1936-இல் ஃபிரெட் பெர்ரி வென்றதற்குப் பிறகு 2004 வரை எந்த பிரிட்டிஷ் ஆணும் ஒற்றையர் கோப்பையைத் தொட்டதில்லை. அந்த வருத்தத்தோடு லண்டனில் பார்த்தவர்களுக்கும் நம்மைப் போல வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கும் படம் ஒன்றாக இருந்திருக்க முடியாது.

ஜூலை 5

நேற்றிரவு ஆண்டி மர்ரே. அண்ணன் ஜேமியோடு இரட்டையரில் தோற்றதும் மைதானத்திலேயே பிரியாவிடை. கண்கலங்காமல் பார்க்க முடியவில்லை.

படத்துக்கு இதில் என்ன வேலை என்றால், 2013 ஜூலை 7-இல் மர்ரே ஜோகோவிச்சை 6-4, 7-5, 6-4 என்று வென்ற நாளிலேயே பீட்டர் கோல்டின் ஆசை காலாவதியாகிவிட்டது. இன்று இருபது வயதில் இருப்பவர்களுக்கு "பிரிட்டிஷ்காரன் விம்பிள்டன் வெல்வதா!" என்ற வியப்பே புரியாது. ஸ்காட்லாந்துக்காரர் வென்றார், ஆங்கிலேயர் வெல்லவில்லை என்று அங்கே ஒரு உள்வழக்கு நடப்பதில் நான் தலையிடப் போவதில்லை.

ஜூலை 5, இரவு

தம்பி கதாபாத்திரம் பற்றி யாரோ கேட்டிருந்தார்கள். ஆம், அது ஜேம்ஸ் மெகவாய்தான், அப்போது அவ்வளவாக யாருக்கும் தெரியாதவர். அண்ணன் தோற்பான் என்று சூதாட்டக் கடையில் பணம் கட்டிவிட்டு வந்து கைதட்டும் தம்பி. படத்திலேயே எனக்கு மிகப் பிடித்த ஆள். இன்று அதே வேடிக்கையை எழுத முடியாது. 2007-இல் போலந்தின் சோபோட் நகரில் ரஷ்ய ஆட்டக்காரர் டேவிடென்கோவின் ஆட்டத்தின் மீது குவிந்த பந்தயப் பணத்துக்குப் பிறகு டென்னிஸ் உலகம் விழித்துக்கொண்டது. 2008-இல் கண்காணிப்புப் பிரிவு வந்தது. ஆட்டக்காரரின் பெயரில் அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே வரும் குடும்பத்தினருக்கும் பந்தயத் தடை உண்டு. தம்பி இன்று பிடிபட்டால் அண்ணனையும் விசாரணைக்கு உட்கார வைப்பார்கள்.

லிஸ்ஸியின் தந்தை கதாபாத்திரம் நேர்மாறு. சாம் நீல் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கிறார், அவ்வளவுதான். நிஜத்தில் டென்னிஸ் தந்தைகள் வேறு ரகம். மேரி பியர்ஸின் தந்தைக்கு 1993-இல் மைதானங்களுக்குள் நுழையவே தடை விழுந்தது. யெலெனா டோக்கிச்சின் தந்தை 2000 அமெரிக்க ஓபனில் சால்மன் மீன் விலை அதிகம் என்று ரகளை செய்து வெளியேற்றப்பட்டார். மகள்கள் பட்ட பாட்டைப் பிறகு படித்தவர்களுக்கு அந்த மீன் கதையில் சிரிப்பு வராது.

ஜூலை 8

இப்போது நான் ஒப்புக்கொள்ளும் அந்தப் பாதி.

காதல் ஒட்டவில்லை. ஆனால் காரணம் நீங்கள் சொல்வதல்ல. இருவருக்கும் இடையில் பொருத்தம் இருக்கிறது. கணக்குத்தான் உதைக்கிறது. தொடக்கத்தில் லிஸ்ஸிதான் மேலான ஆட்டக்காரர். கோப்பை வெல்லக்கூடியவர். இருவரும் சேர்ந்ததும் பீட்டரின் ஆட்டம் எழுகிறது, லிஸ்ஸியின் ஆட்டம் சரிகிறது. அரையிறுதிக்கு முந்தைய இரவு தனக்குத் தூக்கம் வேண்டும், விலகி இரு என்று லிஸ்ஸி கேட்டும் பீட்டர் அறைக்குள் வந்துவிடுகிறார். மறுநாள் லிஸ்ஸி தோற்கிறார். பிறகு ஊருக்குக் கிளம்பியவர் தொலைக்காட்சியில் பீட்டரின் மன்னிப்பைக் கேட்டுத் திரும்பி வந்து அவரை ஜெயிக்க வைக்கிறார். அதன் பிறகு லிஸ்ஸி அமெரிக்க ஓபனையும் இரண்டு விம்பிள்டனையும் வென்றாராம். கடைசியில் பீட்டரின் குரல் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறது. ஒரு பந்துகூடக் காட்டவில்லை!

1952-இல் கேத்தரின் ஹெப்பர்ன் நடித்த 'பேட் அண்ட் மைக்' இதை எவ்வளவு கூர்மையாகச் செய்திருந்தது! நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை பார்வையாளர் வரிசையில் வந்து உட்கார்ந்ததும் நாயகிக்கு வலை உயர்ந்துகொண்டே போவதாகத் தெரிகிறது. கையிலிருக்கும் மட்டை சுருங்குகிறது, எதிராளியின் மட்டை பெருக்கிறது. எதிரில் ஆடுவது நிஜ வீராங்கனை கஸ்ஸி மோரன். ஓர் ஆணின் பார்வை ஒரு பெண்ணின் ஆட்டத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதை அந்தப் பெண்ணின் கண்வழியாகக் காட்டிவிட்டார்கள். ஐம்பத்திரண்டு ஆண்டு கழித்து வந்த படத்தில் கெடுத்தவனுக்கு மனக்குரல் இருக்கிறது, ஆட்டம் கெட்டவளுக்கு இல்லை.

தரவரிசையையும் மழையையும் பிடித்துக்கொண்டு தொங்கிய விமர்சகர்களில் இதைக் கேட்டவர்கள் மிகக் குறைவாகவே என் கண்ணில் பட்டார்கள்.

ஜூலை 8, மாலை

நேற்று பிரிட்டிஷ் வீராங்கனை எம்மா ராடுகானு தோற்றார், தகுதிச் சுற்றிலிருந்து வந்த லுலு சன்னிடம். முந்தைய நாள்தான் மணிக்கட்டைக் காரணம் சொல்லி மர்ரேயோடு ஆட இருந்த கலப்பு இரட்டையரிலிருந்து விலகினார். தன் ஒற்றையர் ஆட்டம்தான் முக்கியம் என்று முடிவெடுத்தார். உடனே வசை மழை. மர்ரேயின் கடைசி விம்பிள்டனைக் கெடுத்துவிட்டாளாம். இப்போது தோற்றதற்கும் "நன்றாக வேண்டும்" என்கிறார்கள்.

இவர்கள் இருவரும் காதலர்கள் அல்லர், மர்ரே குடும்பஸ்தர். ஆனால் 'என் ஆட்டத்துக்கு முந்தைய நாளை எனக்கு விடுங்கள்' என்று ஒரு பெண் சொன்னால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். லிஸ்ஸி விட்டுக்கொடுத்துத் தோற்றாள், காதல் கதை என்றார்கள். ராடுகானு விட்டுக்கொடுக்காமல் தோற்றார், சுயநலம் என்கிறார்கள்.

ஜூலை 11

"நிஜத்தில் இப்படிக் காதல் உண்டா?" என்ற கேள்விக்கு: 1974. கிறிஸ் எவர்ட்டும் ஜிம்மி கானர்ஸும் திருமணம் நிச்சயமான ஜோடியாக வந்து இருவருமே விம்பிள்டன் ஒற்றையர் கோப்பையை வென்றார்கள். விருந்தில் சேர்ந்து நடனமாடினார்கள். கல்யாணம் நடக்கவில்லை.

இதைவிடச் சுவையானது அடுத்தது. எவர்ட் 1979-இல் மணந்தது ஜான் லாய்டை. அழகான பிரிட்டிஷ் ஆட்டக்காரர், 1977 ஆஸ்திரேலிய ஓபனில் இறுதி வரை போனவர். அமெரிக்க நட்சத்திரம், அவருக்குக் கீழே இருக்கும் ஆங்கிலேயன்: அப்படியே நம் படம்! ஆனால் அங்கே சரிந்தது லாய்டின் ஆட்டம். எவர்ட் கல்யாணத்துக்குப் பிறகும் கோப்பைகளை அள்ளிக்கொண்டே இருந்தார், 1981 விம்பிள்டன் உட்பட. லாய்ட் மெல்ல மீண்டு 1984 அமெரிக்க ஓபனில் கால் இறுதி வரை வந்தார். 1987-இல் மணமுறிவு.

இப்போது படத்தைத் திரும்பப் பாருங்கள். வர்ணனையாளர் அறையில் முன்னாள் சாம்பியன் ஜான் மெக்கன்ரோவின் பக்கத்தில் எவர்ட் எவர்ட்டாகவே உட்கார்ந்து பீட்டரின் எழுச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அந்த அறையிலேயே இதைவிட நல்ல கதை இருந்தது, யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஜூலை 15

அல்கராஸ் நேற்று இறுதி ஆட்டத்தில் ஜோகோவிச்சை நேர் செட்டில் முடித்துவிட்டார். மழையும் இல்லை, காதலும் இல்லை, இரண்டரை மணி நேரம்.

முதலில் எழுதிய வாசகர் திரும்ப வந்து "அப்படியானால் உங்கள் மதிப்பெண்தான் எவ்வளவு?" என்கிறார். ஈபர்ட்டின் மூன்றில் அரை நட்சத்திரத்தைக் குறைத்துக்கொள்கிறேன், லிஸ்ஸியின் அரையிறுதிக்காக. மனக்குரலுக்கும் தம்பிக்கும் பெட்டனியின் கால்களுக்கும் மீதி இரண்டரை. 'பேட் அண்ட் மைக்'கை நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள், அதற்குத் தனி இழை தொடங்குவோம். அதில் கோல்ஃபும் உண்டு என்பதால் எனக்குத் துணை வேண்டும், கோல்ஃபில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது.